சம்பந்தியை நிற்க வைத்த ஜன்னல்

எங்கள் திருமூர்த்தி அண்ணன் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. ஆனால் எதையும் மறந்ததும் இல்லை. அவருடைய கல்யாணப் பந்தியில் அவர் அப்பாவின் இலைக்கு மட்டும் பாயசம் வராமல் போய்விட்டது. பரிமாறியவர் பெண் வீட்டில் ஒன்றுவிட்ட மாமா ஒருவர். பதினோரு வருஷம் கழித்து, மகளின் காதுகுத்து விருந்துக்கு அந்த மாமா வந்து உட்கார்ந்தார். அண்ணன் பாயச வாளியைத் தானே தூக்கிக்கொண்டு பந்திக்குள் நுழைந்தார். மாமாவின் இலைக்கு எதிரே வந்ததும் நின்று, "உங்களுக்குச் சர்க்கரை ஆகாதுங்களே மாமா" என்று கனிவாகச் சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். மாமாவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது.

நான் வரலட்சுமி. அண்ணனுக்குச் சித்தப்பா மகள். பீளமேட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை. எனக்கும் கோபம் வரும். ஆனால் என் கோபம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆறிவிடும். அண்ணனுடையது ஊறுகாய் மாதிரி, வருஷக் கணக்காகக் கெடாமல் இருக்கும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் அவருக்கு மோட்டார் பம்பு செய்கிற பட்டறை. இரும்பை உருக்கி வார்ப்படம் ஊற்றுவது, கடைவது, பூட்டுவது, தண்ணீர்த் தொட்டியில் ஓட்டிச் சரி பார்ப்பது எல்லாம் அந்த ஒரே காம்பவுண்டுக்குள். முப்பத்தெட்டுப் பேர் வேலை செய்தார்கள். வீடும் பட்டறைக்குப் பின்னால்தான். இரண்டுக்கும் ஒரே கேட். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஆறு ஏக்கர் தென்னையும் வாழையும் உண்டு. ஒரு வருஷம் அங்கே யானை இறங்கி நாற்பது வாழையை மிதித்துப் போட்டது. அண்ணனுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. வாழை போனதற்காக இல்லை. யானையைத் திருப்பி என்ன செய்ய முடியும் என்று யோசித்து யோசித்து வழி தெரியாமல் போனதற்காக.

அண்ணி இறந்தபோது மகள் லோகப்பிரியாவுக்கு ஒன்பது வயது. அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிரீஸ் ஒட்டிய கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்து மகளுக்கு ஜடை பின்னி விடுவார். அப்படி வளர்த்த பெண்ணைத் தொண்ணூற்று மூன்றில் சுரேந்தருக்குக் கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளையும் அவனைப் பெற்றவர்களும் அமெரிக்காவில் ஒரே வீட்டில் இருந்தார்கள். சம்பந்தி பாலகோபால் அங்கே பெரிய இன்ஜினியர். பிறந்த ஊர் சரவணம்பட்டி. போய் இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது.

தொண்ணூற்று நாலு கடைசியில் லோகப்பிரியா உண்டானாள். தலைப் பிரசவம் பிறந்த வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் அவளுக்கு ரத்தக் கொதிப்பு, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அழுதுகொண்டே, "நீங்களாச்சும் வந்துருங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். அண்ணன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார்.

அந்த இரண்டு மாதம் அவரைப் பார்த்திருக்க வேண்டும். என் வீட்டுக்கு வந்து, பிள்ளை பெற்றவளுக்குத் தருகிற மருந்துப் பொடியை எப்படி இடிப்பது என்று கேட்டு டைரியில் எழுதிக்கொண்டார். எங்கள் தெருவில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் அம்மாளிடம் போய், காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைப் படுக்க வைப்பது எப்படி என்று கற்றுக்கொண்டார். அண்ணியின் பழைய நூல் சேலைகளைத் துவைத்து, கிழித்து, மடித்து வைத்தார். ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை, நாலு கிலோ வார்ப்படத்தைக் காலில் வைத்துப் பழகுவதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

"தாயில்லாத புள்ள அம்மணி. அவளுக்கு நாந்தான் ரெண்டும்" என்றார்.

சுற்றுலா விசாவுக்கு மெட்ராஸ் போனோம். சம்பந்தி அனுப்பிய அழைப்புக் கடிதம், பட்டறை லைசென்சு, பட்டா, சிட்டா எல்லாம் ஒரு மஞ்சள் பையில் அடுக்கியிருந்தேன். ரயிலில் முழுக்கப் பாடம் நடத்தினேன்.

"எத்தனை பேர் வேலை செய்யறாங்கன்னு கேட்டா முப்பத்தெட்டுன்னு சொல்லோணுங்ணா. தோட்டம் ஆறு ஏக்கர்னு சொல்லோணும். எப்பத் திரும்புவீங்கன்னா ரெண்டு மாசம் கழிச்சுன்னு தேதியச் சொல்லிப்போடுங்க."

"சொல்லிப்போடறேன் அம்மணி" என்றார்.

விடியற்காலையில் அமெரிக்கத் தூதரக வாசலில் வரிசையில் நின்றோம். என்னை உள்ளே விடவில்லை. பத்தரை மணிக்கு அண்ணன் வெளியே வந்தார். பையில் இருந்த காகிதம் ஒன்றுகூடக் கலையவில்லை. மடித்த ஒரு தாள் மட்டும் கூடுதலாக இருந்தது. விசா இல்லை என்று எழுதிக் கொடுத்த தாள்.

என்ன நடந்தது என்று ரயிலில் கேட்டுக் கேட்டு வாங்கினேன். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தமிழ் பேசும் ஒரு பெண். இவர் நின்றுகொண்டே பதில் சொன்னார். என்ன தொழில், என்ன சொத்து என்று கேட்டார்கள்.

"ஏதோ சின்னதா ஒரு பட்டறை இருக்குதுங்க. நாலு பசங்க வேலை செய்யறாங்க. கஞ்சிக்குக் கொறையில்லீங்க."

ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

"யாருமில்லீங்க. சம்சாரம் போய்ச் சேந்துட்டாங்க. ஒரே புள்ள, அதும் அங்கதானுங்க."

எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டார்கள்.

"அத நானெப்படீங்க சொல்றது? சம்பந்தி எப்ப அனுப்பறாரோ அப்பத்தானுங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் யாரைக் குற்றம் சொல்வது? எங்கள் ஆட்களில் எவனாவது தன் சொத்தை இவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்வானா? நூறு தென்னை வைத்திருப்பவன் நாலு மரம் என்பான். மில் வைத்திருப்பவன் ஏதோ பொழப்பு ஓடுகிறது என்பான். விருந்துக்குப் போகிறவன், இன்ன தேதிக்குக் கிளம்பிவிடுவேன் என்று வாசலிலேயே சொன்னால் வீட்டுக்காரரை அவமதித்ததாக ஆகும். கேட்காமல் பட்டாவை எடுத்து நீட்டினால் பீத்தல். ஐம்பத்திரண்டு வருஷம் இதையே மரியாதை என்று பழகிய மனிதர், கண்ணாடிக்கு முன்னால் இரண்டு நிமிஷத்தில் மாறிவிடுவாரா? அந்த அதிகாரிக்குத் தெரிந்ததெல்லாம், சொத்தும் இல்லாத, சொந்தமும் இல்லாத, திரும்பி வரும் எண்ணமும் இல்லாத ஒரு ஆள்.

"ஓட்டை விழுந்த வார்ப்படத்துக்குச் சிவப்புப் பெயிண்ட்ல கோடு போட்டு அக்கட்டால தள்ளுவோமல்ல, அப்படித் தள்ளிப்போட்டான் அம்மணி" என்றார் அண்ணன். அதற்கப்புறம் மஞ்சள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார்.

தொண்ணூற்று ஐந்து ஜூன் மாதம் மிதுன் பிறந்தான். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். லோகப்பிரியா பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அண்ணன் இடித்து வைத்த மருந்துப் பொடி டப்பாவில் பூசணம் பிடித்தது.

இதுவரைக்கும் அது யானைக் கணக்குதான். தூதரகத்தைத் திருப்பி என்ன செய்ய முடியும்? அண்ணன் அந்தத் தாளை ஆபீஸ் மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, தினமும் அதன் மேலேயே டீ டம்ளரை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சம்பந்தி தானாக வந்து மாட்டினார்.

இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான உறவு அரங்கசாமி மாமா. அவருக்கு ஒரு சேதி கிடைத்தால் சாயங்காலத்துக்குள் மேட்டுப்பாளையம்வரை போய்விடும். ஆவணியில் ஒரு கல்யாண மண்டபத்தில், அண்ணனிடம் பம்பு வாங்குகிற நாலு கடைக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, மாமா வாய் நிறைய வெற்றிலையோடு ஆரம்பித்தார்.

"பாலகோபால் போன்ல சொன்னாருங்க. 'பட்டறைக்காரருக்குப் பேசத் தெரியலீங்க மாமா. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு என்னங்க? அஞ்சு நிமிசம் அந்த ஜன்னல்ல என்னைய நிக்க வெச்சிருந்தா நான் வாங்கிக் காட்டியிருப்பேன்'னாரு."

கடைக்காரர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பாயச வாளி ஞாபகம் வந்தது.

மிதுனுக்கு இருபது மாதம் ஆகப் போயிற்று. தொண்ணூற்று ஏழு பொங்கல் முடிந்து சம்பந்தி குடும்பம் கோயமுத்தூர் வந்தது. அவருடைய சின்ன மகளுக்குத் தை கடைசியில் கல்யாணம். லோகப்பிரியாவும் குழந்தையும் கூட வந்திருந்தார்கள். சுரேந்தர் லீவு கிடைத்துக் கல்யாணத்துக்கு முதல் நாள்தான் வருவான். எங்கள் பக்கம் சம்பந்தியைப் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். மூத்த சம்பந்தி வராத கல்யாணம் என்றால் பங்காளிகள் மெல்லுவதற்கு ஒரு வருஷம் தாங்கும். பாலகோபாலுக்கு இது நன்றாகத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என்னை வரச் சொல்லியிருந்தார். பட்டறைக்கு லீவு. ஆனால் கேட்டை ஒட்டிய சரக்கு அனுப்பும் அறையில் விளக்கு எரிந்தது. அந்த அறைக்குக் கம்பி வைத்த ஒரு ஜன்னல் உண்டு; லாரிக்காரர்கள் வெளியே நின்று காகிதம் வாங்கிப் போவார்கள். அண்ணன் சலவை வேட்டி சட்டையோடு அதற்குள் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு சிவப்புப் பெயிண்ட் டப்பா இருந்தது.

"என்னங்ணா இது? புள்ளையும் பேரனும் வார நேரத்துல இங்க உக்காந்துட்டு?"

"நீ பொட்டாட்ட, சத்தமில்லாம நில்லு அம்மணி" என்றார்.

கார் வந்து நின்றது. முதலில் அரங்கசாமி மாமா இறங்கினார். பிறகு பாலகோபாலும், தட்டோடு அவர் மனைவியும். கடைசியாக லோகப்பிரியா, தோளில் குழந்தை. அண்ணன் ஜன்னல் வழியாகவே, "கண்ணு, நீ புள்ளையத் தூக்கிட்டு உள்ள போ. உன்ற மாமியாரையும் கூட்டிட்டுப் போ. வெயில்ல நிக்காதீங்க" என்றார். குழந்தை பக்கம் அவர் கண்ணைத் திருப்பவே இல்லை. பார்த்திருந்தால் எழுந்து ஓடியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"சம்பந்தி, மாமா, மன்னிச்சுக்கோணுங்க. நாளைக்குப் போற பம்புக்கு ஒரு ரிப்போர்ட்டு. சித்தெ நில்லுங்க, முடிச்சுட்டு வந்தர்றேன்."

"போச்சாதுங்க சம்பந்தி, பரவாயில்லீங்க, பாருங்க" என்றார் பாலகோபால். ஜன்னலுக்கு வெளியே நின்றார். வெயில் அவர் முகத்தில் அடித்தது.

அண்ணன் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், பொழுதுபோக்காகக் கேட்பதுபோல் கேட்டார்.

"அங்க ஊடு வாசலெல்லாம் எப்படீங்க சம்பந்தி? நல்லாப் பெருசுங்களா?"

"பெருசென்னங்க, ஏதோ தலைய மறைக்க ஒரு கூரை இருக்குதுங்க."

அந்த வீட்டில் மாடியில் மட்டும் ஐந்து அறை. போட்டோவைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

"உத்தியோகமெல்லாம்?"

"ஏதோ பெஞ்சத் தேச்சுட்டு இருக்கறேனுங்க. வயித்துப்பாட்டுக்கு ஆகுதுங்க."

அவருக்குக் கீழே எண்பது பேர். அதையும் கேட்டிருக்கிறோம்.

"கண்ணாலம் முடிஞ்சு நம்மூட்டுல வந்து தங்கோணுமுங்க. எத்தனை நாளைக்கு இருப்பீங்க?"

பாலகோபால் கும்பிட்டுச் சிரித்தார். "அத நானெப்படீங்க சொல்றது? நீங்க எப்ப அனுப்பறீங்களோ அப்பத்தானுங்க சம்பந்தி."

அண்ணன் பேனாவை மூடினார். ஆபீஸ் மேசையிலிருந்து எடுத்து வைத்திருந்த தாளைக் கம்பிக்கு இடையில் வெளியே நீட்டினார். டீ டம்ளரின் வட்டக் கறைகள் வரிசையாக இருந்தன.

"படிச்சுப் பாருங்க சம்பந்தி. நீங்க இப்பச் சொன்னதத்தானுங்க நானும் மெட்ராசுல சொன்னேன். அதே கூரை, அதே கஞ்சி, அதே அனுப்பறப்ப வாரேன். உங்களுக்கு அஞ்சு நிமிசம் வேணுமின்னு மாமாகிட்டச் சொன்னீங்களாமே." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நிமிசந்தானுங்க ஆச்சு. இன்னும் ரெண்டு இருக்குது. வேற எதாச்சும் சொல்லிக்கறீங்களா?"

சிவப்புப் பெயிண்ட் டப்பாவின் மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்தார்.

பாலகோபாலின் காது மடல் சிவந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்து இங்கிலீஷில் ஒரு சொல்கூட உதவிக்கு வரவில்லை. அரங்கசாமி மாமா மூக்கால் ஒரு சத்தம் விட்டார். அப்புறம் அடக்க முடியாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அந்தச் சிரிப்பு சாயங்காலத்துக்குள் மேட்டுப்பாளையம் போய்விடும் என்று பாலகோபாலுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி. பொய் சொல்ல மாட்டேன்.

"தப்புத்தானுங்க சம்பந்தி" என்றார் பாலகோபால் கடைசியில்.

அண்ணன் டப்பாவை மூடினார். வெளியே வந்து அவர் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனார், ஒன்றுமே நடக்காததுபோல.

இத்தோடு முடிந்திருந்தால் அண்ணனுக்குத்தான் வெற்றி. ஆனால் உள்ளே போனதும் அவர் பேரனைத் தூக்கப் போனார். இருபது மாதமாகப் பார்க்காத முகத்தை முதல்முதலாகப் பக்கத்தில் பார்த்தார். கையை நீட்டினார். குழந்தை அவரைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, வீல் என்று அலறிக்கொண்டு பாலகோபாலின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அண்ணன் நீட்டிய கை அப்படியே நின்றது.

பாலகோபால் குழந்தையின் முதுகைத் தட்டினார். நிதானமாக, அண்ணனுடைய கண்ணைப் பார்த்து, "புது மனுசங்களைக் கண்டா அப்படித்தானுங்க சம்பந்தி" என்றார்.

ஜன்னலில் பட்டதை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அண்ணன் முகத்தில் ரத்தம் இல்லை. லோகப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். நான் மட்டும் பெண் கொடுத்த வீட்டுக்காரியாக இல்லாமல் இருந்திருந்தால் அந்த மனிதரின் தட்டைத் தூக்கி வாசலில் எறிந்திருப்பேன்.

வெற்றிலைத் தட்டை அண்ணன் இன்னும் வாங்கவில்லை. சம்பந்தியின் மனைவி அதை ஏந்திக்கொண்டு நின்றார்.

"கண்ணாலத்துக்கு வாரேனுங்க. முன்னால நின்னு நடத்தித் தாரேன்" என்றார் அண்ணன். "ஆனா தாயும் புள்ளையும் இங்க இருக்கட்டும். கண்ணாலத்தன்னைக்கு நானே கூட்டிட்டு வாரேன். மண்டபத்துலிருந்து திரும்பியும் இங்கதான்."

"ஊருக்குப் போறவரைக்குமுங்களா? எத்தனை நாளுங்க அது?" என்றார் பாலகோபால்.

"விருந்தாளிய எத்தனை நாளுன்னு நம்ம பக்கம் கேக்கறதில்லீங்களே சம்பந்தி."

தட்டு கை மாறியது.

முதல் மூன்று நாள் மிதுன் அண்ணனைக் கண்டாலே அழுதான். நாலாம் நாள் அண்ணன் அவனைக் கிட்டே அழைக்கவில்லை. பம்பு ஓட்டிப் பார்க்கும் தொட்டிக்குப் போய் ஸ்விட்சைப் போட்டார். நாலு அங்குலக் குழாயில் தண்ணீர் பொங்கி விழுந்தது. மிதுன் அழுகையை நிறுத்தினான். இரண்டு அடி நடந்து வந்தான். அண்ணன் ஸ்விட்சை அணைத்தார். அவன் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தான். அண்ணன் மறுபடி போட்டார்.

அன்றிலிருந்து விற்காத பம்பும் தினமும் ஓடியது. இடுப்பளவு தண்ணீரில் பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு வேட்டி சட்டையோடு அண்ணனும் நின்றார். குளிப்பாட்டுவது அவர்தான், ஊட்டுவது அவர்தான். அண்ணியின் சேலையில் கட்டிய தொட்டிலை ஆட்டுவதும் அவர்தான், பெற்றவளைக்கூட விடவில்லை. வேலைக்காரர்கள் முப்பத்தெட்டுப் பேரும் அவனை "சின்ன மொதலாளி" என்றார்கள். அது முழுக்கப் பாசமா, முழுக்கப் பழியா என்று என்னைக் கேட்டால், இரண்டையும் ஒரே வாளியில்தான் இறைத்தார் என்பேன். இரண்டாம் வாரம் அவன் "அப்புச்சி" என்றான்; எங்கள் பக்கம் அம்மாவின் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அண்ணன் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார்.

கல்யாணத்தில் அண்ணன் சொன்னபடி முன்னால் நின்றார். பாலகோபால் பேரனைக் கூப்பிட்டபோதெல்லாம் அவன் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தான். சொல்ல வேண்டியதை அண்ணன் நேரம் வரட்டும் என்று வைத்திருந்தார்.

மாசியில் கிளம்பினார்கள். பீளமேடு விமான நிலைய வாசலில் பெட்டிகளை எல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றியாகிவிட்டது. சுரேந்தர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் ஆகிறது என்றான். பாலகோபால் வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"வாடா மிதுன். தாத்தாகிட்ட வா. ஏரோப்ளேன் போலாம்."

மிதுன் அண்ணனின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தான். பாலகோபால் தொட்டதும் அலறினான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீட்டிய கையோடு அந்த மனிதர் நின்றார்.

அண்ணன் கனிவாகச் சொன்னார். பாயசம் பரிமாறிய அதே குரல்.

"புது மனுசங்களைக் கண்டா அப்படித்தானுங்க சம்பந்தி."

பாலகோபால் கையை இறக்கினார். லோகப்பிரியா முயன்றாள், சுரேந்தர் முயன்றான். காலரைப் பிடித்த விரல்களை யாராலும் விடுவிக்க முடியவில்லை. இழுக்க இழுக்க அலறல் கூடியது. கடைசியில் அதை அண்ணன்தான் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு விரலாகத் தானே பிரித்தார். பிரித்த விரல் மறுபடி போய்ப் பிடித்தது; அதையும் பிரித்தார். குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் கதவு மூடும்வரை நின்றார். உள்ளேயிருந்து "அப்புச்சி" என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்து, பிறகு கேட்கவில்லை.

காரில் வரும்போது சட்டையின் மேல் பொத்தான் இல்லை. அண்ணன் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே வந்தார். கணபதி பஸ் நிறுத்தம் தாண்டியதும், "விசாவுக்கு மறுபடி எப்ப எழுதிப் போடலாம் அம்மணி?" என்று கேட்டார்.

"பட்டறையில எத்தனை பேர் வேலை செய்யறாங்க?" என்று நான் கேட்டேன்.

வாய் வரைக்கும் வந்த "நாலு பசங்க" என்ற சொல்லை அவர் முழுங்குவது எனக்குத் தெரிந்தது.

"முப்பத்தெட்டு" என்றார்.